வெளிச்சம் எங்கிருந்து வருகிறது: வடசென்னை வீடுகளும் தொலைக்காட்சித் திரைகளும்

சென்ற ஐப்பசியில் மழை தொடங்கிய வாரம், பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி திடீரென்று இருண்டுபோனது. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. செய்தி வாசிப்பவர் மழை நிலவரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார், முகத்தைத்தான் காணோம். பேனல் போய்விட்டது, இனிப் புதிது வாங்க வேண்டியதுதான் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். அடுத்த தெருவிலிருந்து வந்த மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. அறை விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, தன் கைப்பேசியின் டார்ச்சை எரியவிட்டுத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்தார். அந்தச் சிறு வெளிச்ச வட்டத்துக்குள் செய்தி வாசிப்பவரின் கன்னமும் கழுத்துச் சங்கிலியும் மங்கலாகத் தெரிந்தன. “படம் இருக்குது சார், வெளிச்சம்தான் இல்ல. பேக்லைட் ஸ்ட்ரிப் போயிருக்கு” என்றார்.

தொலைக்காட்சித் திரைகளின் வகைகளைப் புரிந்துகொள்ள அந்த ஒரு வாக்கியமே போதுமானது. கடையில் எல்.இ.டி., கியூ.எல்.இ.டி., மினி எல்.இ.டி., ஓ.எல்.இ.டி. என்று ஒரே ஓசையில் அடுக்கப்படும் பெயர்களுக்கிடையே உள்ள உண்மையான வேறுபாடு, படத்துக்கான வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இருக்கிறது. சிலவற்றில் படம் ஓரிடத்திலும் வெளிச்சம் வேறோரிடத்திலும் உருவாகின்றன. சிலவற்றில் இரண்டும் ஒன்றே. விலை, ஆயுள், பழுது, கறுப்பு நிறத்தின் ஆழம், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முகம் வெளுத்துத் தெரிவது ஆகிய எல்லாமே பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைப்பவைதாம்.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, தெருவுக்கு ஒரு வீட்டில் இருந்த அந்தப் பெட்டியில் படமும் வெளிச்சமும் ஒன்றாகவே இருந்தன. குழாயின் பின்புறத்திலிருந்து பாயும் எலெக்ட்ரான் கற்றை, முன்புறக் கண்ணாடியின் உட்பக்கம் பூசப்பட்ட பாஸ்பர் என்னும் ஒளிரும் பூச்சைத் தாக்கும் இடமெல்லாம் அந்த இடமே ஒளிர்ந்தது. சென்னையிலேயே தயாரான சாலிடேர், டயனோரா பெட்டிகளும், 1982-இல் வண்ண ஒளிபரப்பு வந்த பிறகு பர்மா பஜாரில் விலை பேசி வாங்கப்பட்ட வெளிநாட்டுப் பெட்டிகளும், 2006-இல் தமிழக அரசு இலவசமாக வழங்கத் தொடங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளும் இந்த வகையைச் சேர்ந்தவை. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் படம் ஒன்றுபோலத் தெரிந்ததால், கட்டிலுக்கடியில் தலை வைத்துப் படுத்திருந்த பிள்ளையும் சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்திருந்த பாட்டியும் ஒரே நிறத்தைப் பார்த்தார்கள். இடத்தை அடைத்ததும் எடையும்தான் அதன் குறைகள். 10 அடிக்கு 12 அடி கூடத்தில் அந்தப் பெட்டியும் அதன் மேசையும் ஓர் ஆள் படுக்கும் இடத்தை எடுத்துக்கொண்டன.

அடுத்து வந்த பிளாஸ்மாத் திரையிலும் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்தது. அது நம் பக்கத்து வீடுகளுக்குள் பெரிதாக நுழையவில்லை. 2013-14 வாக்கில் பானாசோனிக், சாம்சங், எல்ஜி ஆகிய மூன்று நிறுவனங்களும் அடுத்தடுத்து அதைக் கைவிட்டுவிட்டன. நம் வீடுகளுக்குள் வந்தது எல்.சி.டி. எனப்படும் திரவப் படிகத் திரை. கேரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளை ஆராய்ந்துகொண்டிருந்த ஆஸ்திரியத் தாவரவியலாளர் பிரீட்ரிஷ் ரைனிட்சர் 1888-இல் முதன்முதலில் கவனித்த பண்பு இதற்கு அடிப்படை: திரவம்போல் ஓடினாலும் படிகம்போல் ஒழுங்காக அடுக்கப்பட்ட மூலக்கூறுகள். மின்னழுத்தம் கொடுத்தால் அவை திசை மாறும். திசை மாறினால், இருபுறமும் ஒட்டப்பட்ட துருவத் தகடுகளின் ஊடாக ஒளி போவதும் தடைபடுவதும் மாறும். ஆகவே எல்.சி.டி. திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு சன்னல் கதவு. அது திறக்கும், மூடும், பாதி திறந்து நிற்கும், தானாக ஒளிராது. வெளிச்சம் பின்னால் இருக்கும் விளக்கிலிருந்து வர வேண்டும். எங்கள் வீட்டில் அன்று அணைந்துபோனது அந்தப் பின்விளக்குதான். கதவுகள் தம் வேலையைச் செய்துகொண்டே இருந்தன, டார்ச் அதைக் காட்டிக்கொடுத்தது.

இங்கேதான் பெயர்க் குழப்பமும் தொடங்குகிறது. முதலில் அந்தப் பின்விளக்கு மெல்லிய டியூப்லைட்டுகளாக இருந்தது. நீல நிற எல்.இ.டி. கைவந்த பிறகு வெள்ளை எல்.இ.டி. சாத்தியமாகி, டியூப்லைட்டுகளின் இடத்தை எல்.இ.டி. வரிசைகள் பிடித்தன. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. விளக்கு மாறியதே தவிரத் திரை மாறவில்லை. ஆனால் 2009 வாக்கில் இவை ‘எல்.இ.டி. டி.வி.’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன, அந்தப் பெயரே நிலைத்தும்விட்டது. “எல்.சி.டி. பழசு, எல்.இ.டி. புதுசு” என்று இன்றும் கடைக்காரர் சொல்வது, டியூப்லைட்டைக் கழற்றி எல்.இ.டி. பல்பு போட்டுவிட்டுப் புது வீடு கட்டியதாகச் சொல்வதற்கு ஒப்பானது.

கியூ.எல்.இ.டி. என்பதும் அதே வீடுதான். அதில் பின்விளக்கு நீல ஒளியைத் தருகிறது. அதன்மேல் விரிக்கப்பட்ட படலத்தில் குவாண்டம் புள்ளிகள் என்னும், சில நானோமீட்டர் அளவே உள்ள துகள்கள் இருக்கின்றன. துகள் சற்றுப் பெரிதாக இருந்தால் சிவப்பாகவும், சிறிதாக இருந்தால் பச்சையாகவும் அந்த நீல ஒளியை மாற்றித் தருகிறது. ஒரே பொருள், அளவு மாறினால் நிறம் மாறும் என்ற இந்த விந்தைக்காகத்தான் பவெண்டி, புரூஸ், எகிமோவ் ஆகியோருக்கு 2023-இல் வேதியியல் நோபல் வழங்கப்பட்டது. பயன் உண்மையானது: சிவப்பும் பச்சையும் கலப்பின்றித் தூய்மையாக வருகின்றன, பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியாது. ஆனால் கறுப்பின் ஆழத்துக்கும் குவாண்டம் புள்ளிக்கும் தொடர்பில்லை. இரவுக் காட்சி சாம்பல் பூத்துத் தெரிவது பின்விளக்கின் குறை. அந்தக் குறையைப் படலம் தீர்க்காது.

அதைத் தீர்க்க முயல்வது பின்விளக்கைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் முறை. விலை குறைந்த திரைகளில் விளக்குகள் ஓரத்திலோ, பின்னால் சில வரிசைகளாகவோ இருந்து, எல்லாம் சேர்ந்தே எரியும். உயர்ந்த வகைகளில் அவை பல வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, படத்தில் இருள் உள்ள இடத்தில் மட்டும் மங்கும். 2019-இல் வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்த மினி எல்.இ.டி. முறையில் விளக்குகள் மிகச் சிறியவையாகவும் ஏராளமாகவும் இருப்பதால், வட்டாரங்கள் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரத்துக்கு மேலும் உண்டு. இருந்தாலும் திரையில் புள்ளிகள் 80 லட்சத்துக்கு மேல் இருக்க, விளக்கு வட்டாரம் ஆயிரம் என்றால், ஒரு வட்டாரம் பல ஆயிரம் புள்ளிகளுக்குப் பொது. கறுத்த வானில் நிலவைச் சுற்றி ஒரு மங்கல் வளையம் தெரிவது இதனால்தான். ‘மினி எல்.இ.டி.’ என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், எத்தனை வட்டாரங்கள் என்று கேட்காமல் வாங்குவதில் பொருளில்லை. எண்ணைச் சொல்லாத நிறுவனத்துக்குச் சொல்லிக்கொள்ளும்படியான எண் இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இனி, கடையில் ஒருவரும் சொல்லாததும், நம் வீடுகளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதுமான ஒன்று உண்டு. எல்.சி.டி. திரைகளில் திரவப் படிகம் அடுக்கப்பட்டிருக்கும் முறையை ஒட்டி வி.ஏ., ஐ.பி.எஸ். என்று இரு பெரும் பிரிவுகள் இருக்கின்றன. வி.ஏ. திரையில் கதவு இறுக மூடும். மிகுந்த வெளிச்சத்துக்கும் மிகுந்த இருளுக்கும் உள்ள விகிதம் 3,000 முதல் 5,000 மடங்கு வரை போகும். ஐ.பி.எஸ். திரையில் கதவிடுக்கில் ஒளி கசியும். விகிதம் ஏறத்தாழ 1,000 மடங்கோடு நின்றுவிடும். நேர் எதிரே உட்கார்ந்து பார்ப்பவருக்கு வி.ஏ. திரையே அழகு. ஆனால் சற்று விலகி உட்கார்ந்தால் வி.ஏ. திரையின் நிறம் வெளுத்துவிடும், ஐ.பி.எஸ். அப்படி எளிதில் வெளுப்பதில்லை.

இப்போது நம் கூடத்தைப் பார்ப்போம். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் தாழ்வான தெருக்களில் உள்ள வீடுகளில், 2015 டிசம்பர் வெள்ளத்துக்கும் 2023 மிக்ஜாம் புயலுக்கும் பிறகு, விலையுள்ள எதையும் கீழே வைப்பதில்லை. தொலைக்காட்சி சுவரில் ஏறிவிட்டது. பீரோவும் கட்டிலும் கீழ்ச்சுவரை எடுத்துக்கொண்டதால் அது இன்னும் மேலே போய், திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தரை அடி உயரத்தில் நிற்கிறது. பார்ப்பவர்கள் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். கண் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில். ஆறடி தள்ளி உட்கார்ந்தால்கூடத் திரையை அவர்கள் ஏறத்தாழ 27 பாகைச் சாய்வில் கீழிருந்து பார்க்கிறார்கள். ஐ.பி.எல். இறுதிப்போட்டி அன்று அந்தக் கூடத்தில் எட்டுப் பேர் சேர்ந்துவிட்டால், சுவரோரம் ஒதுங்கியவர் திரையிலிருந்து முன்புறம் மூன்றடியும் பக்கவாட்டில் நான்கடியுமாக, 53 பாகைக் கோணத்தில் இருப்பார். அவருக்கு வி.ஏ. திரையில் மஞ்சள் சட்டை வெளிர்மஞ்சளாகவும் மைதானப் புல் சாம்பல் பச்சையாகவும்தான் தெரியும். அவர் பார்ப்பதும் அதே விலை கொடுத்து வாங்கிய தொலைக்காட்சிதான்.

இதைக் கடையில் சோதிப்பது எளிது, கூச்சம் மட்டும் தடுக்கும். விற்பனையாளர் நிறுத்தும் இடத்தில் நிற்காமல், திரையின் ஓரத்துக்கு நகர்ந்தும் பிறகு தரையில் குந்தியும் ஒருவரின் முகம் தெரியும் காட்சியைப் பார்க்க வேண்டும். நிறம் அப்படியே நின்றால் அது ஐ.பி.எஸ். அல்லது அதை ஒத்த வகை. முகத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆனால் வி.ஏ. ஒரே மாதிரிப் பெயரில் 43 அங்குலம் ஒரு வகையாகவும் 55 அங்குலம் வேறு வகையாகவும் வருவது உண்டு என்பதால், உறவினர் வீட்டில் பார்த்ததை நம்பி வேறு அளவை வாங்கக் கூடாது. ஏற்கெனவே வி.ஏ. திரை வாங்கியவர்கள் சாய்க்கும் வசதியுள்ள வால் மவுண்ட் போட்டு, திரையைப் பாயை நோக்கிக் குனியவைத்தால் பாதிக் குறை தீரும். சுவரோடு ஒட்டிய மவுண்டைவிட அதற்கு ஆகும் கூடுதல் செலவு பெரிதல்ல.

இந்த இடத்தில் ஓ.எல்.இ.டி. வந்து நிற்கும். இதில் பின்விளக்கே கிடையாது. மின்னோட்டம் பாய்ந்தால் ஒளிரும் கரிமச் சேர்மங்களால் ஒவ்வொரு புள்ளியும் ஆனது. கோடக் நிறுவனத்தில் பணிபுரிந்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி திறந்தது. 2013-இல் 55 அங்குலத் திரைகளாக விற்பனைக்கு வந்த இந்த வகையும், 2022-இல் குவாண்டம் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு வந்த அதன் தம்பியும், ஒரு விதத்தில் பழைய குழாய்ப் பெட்டியின் குணத்துக்கே திரும்பியிருக்கின்றன: படமும் வெளிச்சமும் ஒன்று. கறுப்பு வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்தேவிடுவதால் கறுப்பு முழுக் கறுப்பு. நிலவைச் சுற்றி வளையம் இல்லை. ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் நிறம் ஏறத்தாழ அப்படியே தெரியும். இரவு பத்து மணிக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டுத் திரைப்படம் பார்ப்பவர்களுக்கு, பணம் இருந்தால், இதற்கு ஈடு இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் நம் வீடுகளில் விளக்கு அணைவது தூங்கும்போதுதான். காலையில் கதவைத் திறந்தால் காற்றுக்காக மாலைவரை அது திறந்தே இருக்கும், தெருவின் வெயில் எதிர்ச் சுவரில் பட்டு உள்ளே திரும்பும், மாலையானால் டியூப்லைட். ஓ.எல்.இ.டி. திரையில் சிறு பகுதி மட்டும் ஒளிரும்போது அது கண்ணைப் பறிக்கும். திரை முழுவதும் வெளுப்பாகும்போது வெப்பத்தையும் மின்சாரத்தையும் கட்டுப்படுத்த அது தன் பிரகாசத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பகல் கிரிக்கெட்டும், வெள்ளைப் பின்னணியில் ஓடும் செய்தி அரங்குகளும் அப்படிப்பட்ட காட்சிகளே. அதோடு, திறந்த கதவின் பிம்பம் திரையில் விழும் இடத்தில், முழுக் கறுப்பு என்ற பெருமைக்குப் பொருளே இல்லை. அந்த இடத்தில் தெரிவது தெருவில் நிற்கும் இருசக்கர வண்டி.

இதைவிடப் பெரிய தயக்கம் செய்திப் பட்டை பற்றியது. ஒளிரும் கரிமப் பொருள் எரிய எரியத் தேயும். திரை முழுவதும் சமமாகத் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரே இடம் ஒரே விதமாக ஆண்டுக்கணக்கில் ஒளிர்ந்தால் அந்த இடம் மட்டும் மங்கி, அழியாத நிழலாக நிற்கும். தமிழ்ச் செய்தி அலைவரிசைகளின் திரையைக் கவனியுங்கள்: மேல் மூலையில் நிலையத்தின் சின்னம், கீழே சிவப்புப் பட்டை, அதன்கீழ் ஓடும் எழுத்து, பக்கத்தில் நேரம். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கும் வீட்டில் இது காலை ஆறு மணியிலிருந்து இரவு பதினொன்றுவரை அசையாமல் நிற்கும். தேர்தல் மாதத்தில் கேட்கவே வேண்டாம். இத்தகைய வீட்டுக்கு ஓ.எல்.இ.டி. திரையைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை. இத்தகைய நிழல் உத்தரவாதத்தில் அடங்குமா என்பதையும் வாங்கும் முன்பே சீட்டில் படித்துக்கொள்ள வேண்டும்.

மற்றொரு நுணுக்கம் நம் வீட்டுப் பழக்கத்தோடு நேரடியாக மோதுகிறது. தேய்மானத்தைச் சமன்செய்ய ஓ.எல்.இ.டி. தொலைக்காட்சி, ரிமோட்டில் அணைக்கப்பட்ட பிறகு, உள்ளுக்குள் ஒரு சீரமைப்பு வேலையைச் செய்துகொள்கிறது. அதற்கு மின் இணைப்பு இருக்க வேண்டும். இரவில் தூங்கப்போகும்முன் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் நல்ல பழக்கம் உள்ள வீட்டில் அந்த வேலை நடக்கவே நடக்காது. இடி மழைக் காலத்தில் பிளக்கையும் கேபிள் ஒயரையும் கழற்றிவைப்பது வேறு. அது எந்தத் தொலைக்காட்சிக்கும் நல்லது, ஏனென்றால் இன்றைய பெட்டிகள் 100 முதல் 240 வோல்ட்டுவரை தாங்கும்படி செய்யப்பட்டிருந்தாலும், இடியோடு கேபிள் வழியாகவும், போன மின்சாரம் திரும்பும்போது மின்கம்பி வழியாகவும் வரும் திடீர் ஏற்றத்தைத் தாங்குவதில்லை.

எத்தனை புள்ளிகள் வேண்டும் என்ற கேள்விக்குக் கணக்கிலேயே விடை இருக்கிறது. நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குவரை பிரித்தறியும். 43 அங்குல முழு எச்.டி. திரையில் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஐந்தரை அடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்தால் அந்தப் புள்ளிகள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது. 55 அங்குலத்தில் அந்தத் தூரம் ஏழு அடி. அதாவது எட்டடி தள்ளிப் பார்ப்பவருக்கு, 43 அங்குலத்தில், முழு எச்.டி.யைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே வாங்கினாலும் முழு எச்.டி. வாங்கினாலும் கூர்மையில் வேறுபாடு தெரிய வாய்ப்பில்லை. 8கே பற்றிப் பேசவே வேண்டியதில்லை. ஆயினும் இன்று 43 அங்குலத்துக்கு மேல் நல்ல பின்விளக்கும் நல்ல நிறமும் உள்ள பெட்டிகள் பெரும்பாலும் 4கே-யாகவே வருவதால், புள்ளிக்காக இல்லாவிட்டாலும் மற்றவற்றுக்காக அதைத்தான் வாங்க நேரும்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது உள்ளே வரும் படம். சாதாரணக் கேபிள் இணைப்பில் வரும் எச்.டி. அல்லாத அலைவரிசையின் படம் 720-க்கு 576 புள்ளிகள் கொண்டது. 4கே திரையில் 3,840-க்கு 2,160. பெருக்கிப் பார்த்தால் சரியாக இருபது மடங்கு. திரையில் தெரியும் ஒவ்வொரு இருபது புள்ளிகளிலும் ஒன்றுதான் நிலையத்திலிருந்து வந்தது. மற்ற பத்தொன்பதைத் தொலைக்காட்சி அக்கம்பக்கம் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. பழைய 14 அங்குலப் பெட்டியில் கச்சிதமாகத் தெரிந்த அதே தொடர், புதிய 55 அங்குலத்தில் பஞ்சு அடைத்ததுபோல் தெரிவதற்கு இதுவே காரணம். “புது டி.வி. சரியில்லை” என்று வருத்தப்படுபவர்களில் பலர் மாற்ற வேண்டியது செட்டாப் பாக்ஸையும் அலைவரிசைத் தொகுப்பையும்தான். எச்.டி. பெட்டிக்கு மாறும் எண்ணமில்லாமல் கேபிள் மட்டுமே பார்க்கும் வீட்டுக்கு 32 அங்குலம், மிஞ்சினால் 43, அதற்கு மேல் போவது படத்தின் ஓட்டைகளைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்குத்தான்.

கால்பந்து பார்க்காத தெரு வடசென்னையில் குறைவு என்பதால் அசைவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயரப் பறக்கும் பந்துக்கு வால் முளைத்ததுபோல் தெரிவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, திரவப் படிகம் திசை மாற எடுத்துக்கொள்ளும் நேரம், வி.ஏ. திரையில் இருண்ட பகுதிகளில் இது அதிகம். மற்றது, ஒரு படத்தை அடுத்த படம் வரும்வரை திரை அப்படியே பிடித்துவைத்திருப்பது. கண் பந்தைத் தொடர்ந்து நகர, படம் நகராமல் நிற்பதால் மங்கல் தோன்றுகிறது. நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் திரை இதைக் குறைக்கும், ஆனால் பேனலே 120 ஹெர்ட்ஸா, அல்லது அதுவொரு விளம்பர எண்ணா என்று பார்க்க வேண்டும். இடையிடையே கற்பனைப் படங்களைச் செருகி அசைவை வழுவழுப்பாக்கும் வசதியும் பெட்டிகளில் உண்டு. பந்தாட்டத்துக்கு அது இருக்கட்டும். நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்பட்ட திரைப்படத்துக்கு அதை அணைக்காவிட்டால், கோடிகள் செலவழித்து எடுத்த சண்டைக்காட்சியும் மதியத் தொடர்போலவே தெரியும்.

மிகுந்த வெளிச்சத்தையும் மிகுந்த இருளையும் ஒருசேரக் காட்டும்படி பதிவான படத்துக்கான எச்.டி.ஆர். என்ற முத்திரையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அந்தப் படத்தைப் பெற்றுக்கொள்ளும் என்பதும், அதைக் காட்டும் என்பதும் வேறு வேறு. 250, 300 நிட்ஸ் (பிரகாசத்தின் அலகு) மட்டுமே உள்ள பிரகாசமும் வட்டாரப் பின்விளக்கு இல்லாமையும் கொண்ட திரையில் அந்த முத்திரை வெறும் ஸ்டிக்கர்.

மின்சாரக் கணக்கு பலர் அஞ்சுவதுபோல் பெரிதல்ல. 100 வாட் எடுக்கும் திரை நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 36 யூனிட். 150 வாட் என்றால் 54. ஆனால் இலவச மின்சார வரம்பை ஒட்டியே வாழும் சிறு குடும்பத்துக்கு அந்த 18 யூனிட் கண்ணில் படும். மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரச் சீட்டை அத்தகையவர்கள் பார்த்தே வாங்க வேண்டும். விலையைப் பொறுத்தவரை, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதால், 32-க்கும் 43-க்கும் இடையே இருந்த வரிச் சுவர் இப்போது இல்லை.

பழுதைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை என்பதால் நான் பேச வேண்டியிருக்கிறது. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடலோரத் தெருக்களில் உப்புக்காற்று போர்டுகளின் ஈயப்பற்றுகளையும் பேனலின் ஓரத்தில் உள்ள மெல்லிய இணைப்புகளையும் அரிக்கிறது. எண்ணூர், மணலிப் பக்கம் சாம்பலும் தூசியும் காற்றுத்துளைகளில் படிந்து, ஈரம் பட்டதும் பசையாகிவிடுகின்றன. கடலைப் பார்த்த சன்னலுக்கு நேர் எதிர்ச்சுவரில் தொலைக்காட்சியை மாட்டாமல் பக்கச் சுவரில் மாட்டினால் ஆயுள் கூடும். பழுது என்று வந்துவிட்டால் எல்.சி.டி. திரையின் பெரிய சலுகை, வெளிச்சமும் படமும் வெவ்வேறாக இருப்பதே. விளக்கு போனால் விளக்கை மட்டும் மாற்றலாம், பவர் போர்டு போனால் போர்டை மட்டும். திரையில் கோடு விழுந்தால்தான் பேனல் வரை போக வேண்டியிருக்கும்; பேனலின் விலை புதுப் பெட்டியின் விலைக்கு நெருங்கிவிடும். ஓ.எல்.இ.டி.யில் விளக்கே பேனல் என்பதால், எது போனாலும் பெரும்பாலும் அந்த இரண்டாவது கணக்குதான்.

என்னிடம் யோசனை கேட்டவர்களுக்கு நான் சொல்லிவருவது இவற்றிலிருந்து வந்ததுதான். பகலெல்லாம் கதவு திறந்திருக்கும், பாயில் பலர் உட்காரும், செய்தி ஓடிக்கொண்டே இருக்கும் கூடத்துக்கு ஐ.பி.எஸ். வகை எல்.இ.டி. 43 அங்குலம்; அதன் சாம்பல் கறுப்பு டியூப்லைட் வெளிச்சத்தில் யார் கண்ணிலும் படப்போவதில்லை. பெரம்பூரிலோ கொடுங்கையூரிலோ புது அடுக்ககத்தில் சோபாவுக்கு நேர் எதிரே திரை வைக்க முடிந்தவர்களுக்கு வட்டாரங்கள் நிறைந்த வி.ஏ. மினி எல்.இ.டி., பகலிலும் இரவிலும் நின்று கொடுக்கும். திரைச்சீலை போட்டு இருட்டாக்கக்கூடிய தனி அறையும், படத்தை ஊன்றிப் பார்க்கும் குணமும், பத்தாண்டு ஓட வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாத மனமும் உள்ளவர் ஓ.எல்.இ.டி. வாங்கலாம். புரொஜெக்டரைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். உலகக் கோப்பை இரவில் மொட்டைமாடியில் வெள்ளை வேட்டி கட்டிப் பார்க்க அதைப்போல் வேறொன்றில்லை, மறுநாள் காலை கூடத்தில் அதே படம் கழுவிய கோலமாகத்தான் தெரியும்.

எதை வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, கடைக்கென்று வைக்கப்பட்ட அமைப்பை மாற்றுவது. கடையில் எல்லாத் திரைகளும் பளீரென்ற விளக்குகளின்கீழ், முழு வேகப் பின்விளக்கோடு, நிறத்தை ஏற்றி நிற்கின்றன. அங்கே நீந்தும் நீலமும் ஆரஞ்சுமான மீன்களைக் காசிமேட்டில் இதுவரை யாரும் ஏலம் எடுத்ததில்லை. சினிமா அல்லது இயல்பு என்ற அமைப்புக்கு மாற்றினால் முதல் இரண்டு நாள் படம் மஞ்சளாகத் தோன்றும். மூன்றாம் நாள் மனிதர்களின் தோல் தோலாகத் தெரியத் தொடங்கும்.

எங்கள் வீட்டு மெக்கானிக் இரண்டு நாள் கழித்துப் புது ஸ்ட்ரிப்புகளோடு வந்தார். எரிந்துபோனது ஒரு எல்.இ.டி.தான்; வரிசையாக இணைக்கப்பட்டிருந்ததால் அது போனதும் எல்லாம் அணைந்துவிட்டன. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை அடுத்த மாதம் போகும் என்று சொல்லி, எல்லா ஸ்ட்ரிப்புகளையும் மாற்றினார். கட்டிலின்மேல் வேட்டி விரித்து, பேனலைக் கண்ணாடித் தகடுபோல் இரு கைகளிலும் ஏந்தி அவர் தனியே தூக்கிவைத்தபோது, அதன் கறுத்த பரப்பில் எங்கள் வீட்டு நாட்காட்டியின் பிம்பம் மங்கலாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு ரிமோட்டை வாங்கி, 100-இல் இருந்த பேக்லைட்டை 60-க்கு இறக்கினார். அவ்வளவு எரியவிட்டதால்தான் நான்கே ஆண்டில் போயிற்று என்றார். “என்னப்பா, டல்லா இருக்கே” என்றார் அம்மா. “ரெண்டு நாள் பாருங்கம்மா, அப்புறமும் டல்லா இருந்தா ஏத்திக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரை 60-இல்தான் இருக்கிறது.